மேலே நிற்கும் பிரைமர்: ஒரு பெட்டி பழைய தோட்டாக்களைப் பிரித்த அனுபவம்

தோட்டாக் கூட்டின் அடியில், அடிபட்டால் பற்றி மருந்தைக் கொளுத்தும் பிரைமர் மயிரிழை மேலே துருத்தி நின்றால், இன்னொரு அமுக்கு அமுக்கிவிடலாம் என்றுதான் கை போகும். வெறும் கூடாக இருந்தால் பரவாயில்லை, பார்த்துச் செய்யலாம். உள்ளே வெடிமருந்தும் வாயில் குண்டும் இருந்தால் அந்தக் கையை இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஓஹையோவில் நான் போகும் சுடும் கிளப்பில், தோட்டா மறுநிரப்பு, அதாவது சுட்ட கூட்டை மீண்டும் நிரப்பும் வேலை, பழக வருபவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான். போன குளிர்காலத்தில் ஒரு பெட்டி முழுக்க இந்த வேலையைச் செய்யும்படி ஆயிற்று.

கிளப்பின் மூத்த உறுப்பினர் ஒருவர் பார்வை மங்கியதால் மறுநிரப்பை நிறுத்திவிட்டு, சாமான்களை என்னிடம் ஒப்படைத்தார். எல்லாம் .30-06 அளவு, எம்1 கேரண்ட் ரைஃபிளுக்கானவை. 1936-இல் அமெரிக்க இராணுவம் ஏற்ற ரைஃபிள் அது. எரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெரியில் இன்றும் அதற்கென்று தனிப் போட்டி நடக்கிறது. பெட்டியில் மூன்று வகை இருந்தது: முழுத் தோட்டாக்கள், பிரைமர் மட்டும் பொருத்திய வெறுங்கூடுகள், ஒரு கண்ணாடிச் சீசாவில் உதிரிப் பிரைமர்கள்.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக. பித்தளைக் கூடு, அதன் அடிக்குழியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு, இவ்வளவுதான் ஒரு தோட்டா. பிரைமர் என்பது சின்ன உலோகக் கிண்ணம். அதற்குள் லெட் ஸ்டிஃப்னேட் கலந்த வெடிகலவை, அதன்மேல் மூன்று கால் கொண்ட ஒரு தகடு. தீபாவளிப் பொட்டு வெடியைக் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வைத்துத் தட்டுவதுபோல, துப்பாக்கியின் ஊசி அடிக்கும்போது கலவை கிண்ணத்துக்கும் தகட்டுக்கும் நடுவே நசுங்கி வெடிக்கிறது. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு மறுநிரப்பு செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரிலிருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சீசாவைப் பார்த்ததும்தான் வயிறு கலங்கியது. கடையில் வரும் பிரைமர் அட்டையில் ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் உட்கார்ந்திருக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்திலுள்ளது சேர்ந்துகொள்ளக் கூடாது என்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. சீசாவில் கொட்டி வைத்தால் எல்லாம் ஒரே வெடி, கண்ணாடிச் சில்லு வேறு. அதை நான் குலுக்கவில்லை, திறக்கவில்லை. பெட்டியோடு கராஜ் மூலையில் வைத்துவிட்டு உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். ஒதுக்க வேண்டிய பிரைமர்களும் சேரும் என்று சொன்னேன். வேலை முடியட்டும், எல்லாவற்றையும் நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

அடுத்து முழுத் தோட்டாக்கள். அடுத்தவர் நிரப்பியதைச் சுடுவதில்லை என்பது என் வழக்கம், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும். இதில் விரலால் தடவிப் பார்த்தபோதே சில பிரைமர்கள் தட்டுப்பட்டன. சரியாக உட்கார்ந்த பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ, அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு உள்ளேயோ இருக்கும். நகக்கண்ணில் தட்டினாலே அது ஒதுக்க வேண்டியதுதான். கேரண்டில் இது சாதாரண விஷயம் இல்லை. அதன் ஊசிக்கு ஸ்பிரிங் கிடையாது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் வேகமாக முன்னால் வந்து மோதும்போது ஊசியும் தன் வேகத்தில் வந்து பிரைமரை லேசாகத் தொடும். சுடாமல் வெளியே எடுத்த தோட்டாவில் சின்னப் பள்ளம் தெரிவது அதனால்தான். பிரைமர் மேலே நின்றால், போல்ட் பூட்டிக்கொள்வதற்கு முன்பே தோட்டா வெடிக்க வாய்ப்புண்டு. கையால் இழுக்கும் போல்ட் ரைஃபிளில் பெரும்பாலும் நடப்பது வேறு: முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதோடு சரி, இரண்டாவது அடியில்தான் சுடும்.

குண்டைப் பிடுங்க இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று சுத்தியல் மாதிரி தரையில் அடிப்பது. மலிவு, எல்லோரிடமும் இருக்கும். பிரைமர் துருத்திக்கொண்டிருக்கும் தோட்டாவை அதில் போட்டு அடிக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று காலட் புல்லர். மறுநிரப்புக்கான கைப்பிடி இயந்திரமான பிரஸ்ஸில் மாட்டினால் அது குண்டைக் கவ்விக்கொள்ளும். கைப்பிடியை மெல்ல நகர்த்தினால் கூடு கீழே கழன்று வரும். அடி இல்லை, அதிர்ச்சி இல்லை. கூட்டைத் தாங்கும் ஷெல் ஹோல்டரும் அதன் விளிம்பைத்தான் பிடிக்கிறது, பிரைமரைத் தொடுவதில்லை. வந்த மருந்து எந்த வகை என்று நிரப்பிய மூத்தவருக்கே நினைவில்லை. ஆகவே எந்த டப்பாவிலும் சேர்க்காமல் புல்தரையில் மெல்லியதாகத் தூவிவிட்டேன்.

இப்போது எல்லாமே வெறுங்கூடுகள், ஆனால் பிரைமர் உயிரோடு இருக்கிறது. கண்ணாடி, காதுமூடி இரண்டும் போட்டுக்கொண்டேன். மேசையில் ஒரே ஒரு கூடு, மற்றதெல்லாம் அடுத்த அறையில். கூட்டின் வாயை என் முகத்துக்கோ வீட்டாள் வரும் கதவுக்கோ காட்டாமல் பிடித்து, கையடக்கப் பிரைமர் கருவியால் ஒரே சீராக, வெட்டாமல் அமுக்கினேன். பாதிக்கு மேல் சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்தன. அவர் முன்பு போதுமான அழுத்தம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சில மட்டும் இறங்க மறுத்தன. அடியில் எல்.சி. என்ற முத்திரை. மிசௌரியின் இண்டிபெண்டன்ஸ் நகரில் உள்ள லேக் சிட்டி ஆலையில் செய்த இராணுவக் கூடுகள். இராணுவத் தோட்டாவில் பிரைமர் கழன்றுவிடாதபடி குழி விளிம்பை நசுக்கி விடுவார்கள். மறுநிரப்புக்கு முன் அந்த விளிம்பைச் சீவியோ அழுத்தியோ அகற்ற வேண்டும், இவற்றில் யாரும் அதைச் செய்யவில்லை. மறுப்பு தெரிந்ததும் கையை நிறுத்தினேன். இந்த இடத்தில் பலம் காட்டுபவர்கள்தான் பிரைமரை நசுக்கி வெடிக்க வைக்கிறார்கள்.

நேராக நின்ற, ஆனால் இறங்காத பிரைமர்களை என்ன செய்வது? உயிருள்ள பிரைமரைத் தள்ளி எடுக்காதீர்கள் என்றுதான் பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அநேகமாகச் சமமட்டத்தில் இருந்தவற்றைக் கிளப்புக்கு எடுத்துப் போய், மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, போல்ட் ரைஃபிளில் ஒவ்வொன்றாக இட்டு, குழலை மண்மேட்டை நோக்கி வைத்துச் சுட்டுத் தீர்த்தேன். குண்டு இல்லாவிட்டாலும் சத்தம் நன்றாகவே இருக்கும். சுட்ட பிறகு அது செத்த பிரைமர், பயமில்லாமல் தள்ளலாம்.

மிஞ்சியவை துருத்தி நின்றவை, கோணலாகச் செருகியவை, தலைகீழாகப் போனவை. முதல் வகையை ரைஃபிளின் தோட்டா அறைக்குள் இட்டு போல்ட்டை மூட முடியாது, மூடவும் கூடாது. அவற்றை மட்டும் பிரஸ்ஸில் மாட்டி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, நத்தை வேகத்தில் பிரஸ்ஸின் ஊசியைக் கூட்டுக்குள் இறக்கி பிரைமரை வெளியே தள்ளினேன். பிரைமர் விழும் குழாயை ஒவ்வொரு முறையும் காலி செய்தேன். எதுவும் வெடிக்கவில்லை. வெடித்திருந்தாலும் ஒன்றே ஒன்றுதான் வெடித்திருக்கும் என்பதற்காகத்தான் இத்தனை சடங்கு. கோணலானவற்றையும் தலைகீழானவற்றையும் தொடவே இல்லை. தலைகீழானதில் ஊசி நேராகக் கிண்ணத்தின் முகத்தில் குத்தும். என் துணிச்சல் அதுவரை போகாது. கூட்டோடு ஒதுக்கி வைத்தேன்.

எண்ணெயில் ஊறப் போட்டால் பிரைமர் செத்துவிடும் என்று கிளப்பில் ஒருவர் சொன்னார். நம்பாதீர்கள். காய்ந்த பிறகு வெடித்த பிரைமர்கள் உண்டு. எடுத்த பிரைமர்களையும் திரும்பப் பொருத்தவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து சீசாவையும் ஒதுக்கியவற்றையும் மணல் போட்ட வாளியில் வாங்கிப் போனார்கள். சீசாவைப் பார்த்து அவர்களும் என்னைப் போலவே மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.

காலியான லேக் சிட்டிக் கூடுகளின் விளிம்பைச் சீவி, குழியில் படிந்த கரியைச் சுரண்டிய பிறகு புதுப் பிரைமர் பொருத்தினேன். கேரண்டுக்கு இராணுவ வகைக் கடினமான பிரைமர்தான். மேசையைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிடப் போவது. கலவையில் ஈயம் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டையும் மருந்து போடுவதற்கு முன் விரலால் தடவிப் பார்க்கிறேன். இப்போது விளக்கைக்கூடப் போடுவதில்லை, கண்ணைவிட விரலுக்குத்தான் சீக்கிரம் தெரிகிறது.