வால்பாறைக்கு எலெக்ட்ரிக் காரில்: தூரத்தை விடுங்கள், ஏற்றத்தைப் பாருங்கள்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். எலெக்ட்ரிக் கார்க்காரர்கள் இந்தத் தூரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். ஆழியாறு வரை தென்னந்தோப்புகளுக்கு நடுவே சமதளம். அதற்குமேல் 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே சார்ஜைக் குடிப்பது ஏற்றம்தான்.

வண்டியும் நாலு ஆளும் பைகளும் சேர்த்து 1,700 கிலோ என்று வையுங்கள். அந்த எடையை 1,000 மீட்டர் உயரம் தூக்க 4.6 யூனிட் வேண்டும். மோட்டாரிலும் பேட்டரியிலும் வீணாவதைச் சேர்த்தால் ஐந்தரை. சக்கரம் உருளும் செலவு தனி. 30 யூனிட் பேட்டரி வண்டி கோவையிலிருந்து முழுச் சார்ஜில் கிளம்பினால் வால்பாறை சேர்ந்துவிடும். மேலே சார்ஜ் போடாமல் கோவை திரும்புவது சந்தேகம். ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டும்போது பாதிக்கு மேல் இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பொள்ளாச்சியிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். செயலியில் சார்ஜர் பச்சையாகத் தெரிந்தாலும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. இ-பாஸையும் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

ஏறும்போது ஈகோ மோடு போதும். மழை நனைத்த வளைவில் ஸ்போர்ட் மோடில் அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கிச் சுற்றும். மோட்டாரின் முழு முறுக்குவிசையும் எடுத்த எடுப்பிலேயே வந்துவிடுவதுதான் காரணம். ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடுகள் சாலையிலேயே நிற்கும். இந்த வண்டி சத்தமில்லாமல் வருவதால் அவை திரும்பிக்கூடப் பார்க்காது. ஹாரன் அடிக்காமல் வேகத்தைக் குறையுங்கள்.

வால்பாறையில் ராத்தங்கும் இடத்தின் பிளக் பாயிண்ட்தான் பயணத்தின் பாதி. ரூமைப் பதிவு செய்யும்போதே, "ஏனுங்க, 15 ஆம்ப் பவர் பிளக் இருக்குதுங்களா, எர்த் சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டுவிடுங்கள். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். சிக்கல் இரண்டாவதில். எர்த் இல்லையென்றால் வண்டியோடு வரும் போர்ட்டபிள் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். கையில் ஒரு மல்டிமீட்டர் இருக்கட்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த பிளக்கை நம்பாதீர்கள். ஜெனரேட்டர் ஓடும்போதும் இதே சிவப்பு விளக்கு வரலாம், ஏனென்றால் சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலை எர்த்தோடு இணைத்திருக்க மாட்டார்கள்.

கீசர் ஓடும் அதே லைனில் சார்ஜ் போடாதீர்கள். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். எட்டு மணி நேரம் விடாமல் 10, 12 ஆம்பியர் இழுத்தால் அதன் பிளக் முனைகள் சூடேறி பிளாஸ்டிக் உருகும். போட்டு அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் கழற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது இங்கே வழக்கம், அதனால் விடியற்காலைக்கு என்று தள்ளிப்போடாமல் வந்ததும் போட்டுவிடுங்கள்.

பொழுது சாய்ந்தபின் எஸ்டேட் சாலைகளில் சிவப்பு விளக்கு மின்னினால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று பொருள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் வனத்துறையோடு சேர்ந்து நிறுவிய ஏற்பாடு அது; ஊர்க்காரர்களே செல்போன் மூலம் விளக்கை எரிய வைப்பார்கள், குறுஞ்செய்தியும் போகும். தேயிலைக் காட்டில் நடந்து வீடு திரும்பும் தொழிலாளியின் உயிரைக் காக்கும் இந்தச் சிறிய விளக்கை, தானோட்டிக் கார் பற்றிய பெரிய பேச்சுகளைவிட நாங்கள் மேலாக மதிக்கிறோம்.

இறங்கும் நாளில் பேட்டரியை 100 சதவீதம் நிரப்பாதீர்கள், 85 போதும். இறக்கத்தில் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து மின்சாரம் எடுத்து பேட்டரிக்கு அனுப்பும், இதுதான் ரீஜென். நிரம்பிய பேட்டரி அந்த மின்சாரத்தை வாங்காது. வண்டியின் முழு எடையும் பிரேக் மேல் விழும், நாலைந்து வளைவுக்குள் கருகல் வாடை வரும். பெட்ரோல் வண்டிபோல இரண்டாம் கியரில் இறக்க இதில் கியரும் கிடையாது. இடம் வைத்து, ரீஜெனை உச்சத்தில் போட்டு இறங்கினால் ஆழியாறு போவதற்குள் ஒன்றரை, இரண்டு யூனிட் திரும்பக் கிடைக்கும்.

இதே மலையில்தான் 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று மின்நிலையமும் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு அணைத் தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஆடிக் காற்றில் உடுமலை, பல்லடம் காற்றாலைகள் ராவெல்லாம் சுழலும் மாதங்களில் ராத்திரி சார்ஜ் போடுவது மின்வாரியத்துக்கும் உதவி.

ஆனால் இந்தப் பாதைக்கு முதலில் வேண்டியது எலெக்ட்ரிக் பஸ். ஆட்களோடு 12 டன் வரும் பஸ் 1,000 மீட்டர் ஏற பேட்டரியிலிருந்து 40 யூனிட் போகும், அதில் ஒரு பங்கு இறக்கத்தில் திரும்பும். ஒரே பாதை, ஒரே நேரம், தெரிந்த வளைவுகள் என்பதால் எவ்வளவு சார்ஜ் வேண்டும் என்பதை முன்கூட்டியே துல்லியமாகச் சொல்லிவிடலாம். ஜி.டி. நாயுடு 1920-இல் ஒற்றைப் பஸ்ஸோடு பொள்ளாச்சி–பழனி தடத்தில் தொழில் தொடங்கினார். 1937-இல் கோவையிலேயே மின்மோட்டாரும் உருவானது. மோட்டாருக்குத் தகடு வெட்டும் ஸ்டாம்பிங்கும் கம்பி சுற்றும் வைண்டிங்கும் இங்கத்திப் பட்டறைகளுக்குக் கைவந்த வேலை. காந்தத்துக்கும் கன்ட்ரோலருக்கும்தான் இன்னும் வெளியூரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பொள்ளாச்சி டெப்போவில் ஒரு 120 கிலோவாட் சார்ஜர் இருந்தால், டிரைவரும் கண்டக்டரும் சாப்பிட்டு வரும் அரை மணியில் 60 யூனிட் ஏறிவிடும்.