ஜிப்சி கிங்குக்கு 4.16 கியர்: மவுண்டில் இருந்து தொடங்குங்கள்

குமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, மாறாமலை பக்கத்து எஸ்டேட் வழிகளில் ஓடும் மாருதி ஜிப்சி கிங் ஜீப்புகளுக்குப் பெரும்பாலும் ஒரே குறைதான். டயரை 235/75 R15-க்கு மாற்றியதும் லோ ரேஞ்சின் முதல் கியரிலேயே வண்டி திணறும். கல்லுக்குக் கல் கிளட்சைப் பாதி மிதித்தபடி ஏற வேண்டியிருக்கும்; ஏற்றம் முடிவதற்குள் பிளேட் கருகும் வாடை வந்துவிடும். புது பிளேட் போட்டாலும் அடுத்த மழைக்குள் அதே கதை. 1.3 லிட்டர் என்ஜினுக்குக் கீழ்ச் சுற்றில் இழுவை குறைவு. அதை ஈடுகட்ட வேண்டிய இடம் கிளட்ச் அல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸ்; அதாவது கியர்பாக்ஸில் இருந்து வரும் சக்தியை ஹை, லோ என இரண்டு ரேஞ்சில் முன், பின் சக்கரங்களுக்கு அனுப்பும் பெட்டி.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். கிங்கின் கேஸில் ஹை விகிதம் 1.409, லோ 2.268. கியர்பாக்ஸ் முதல் கியர் 3.652. இரண்டையும் பெருக்கினால் லோ முதல் கியரில் 8.28. ஆக்சில் விகிதம் முன்னும் பின்னும் மாறாதது என்பதால் அதை விட்டுவிடலாம். லோ விகிதத்தை 4.16 ஆக்கும் கியர் செட்டைக் கேஸில் போட்டால் இந்த 8.28, 15.19 ஆகிறது. அதே ஆர்பிஎம்மில் வண்டி பழைய வேகத்தில் 55 சதவீதம்தான் போகும். இரண்டாம் கியர் 1.947, அது புது லோவில் 8.10. அதாவது பழைய முதல் கியர் செய்த வேலையை இனி இரண்டாம் கியர் செய்யும். அதற்குக் கீழே, முன்பு இல்லாத ஒரு கியர் கூடுதலாகக் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹை ரேஞ்சும் சுமார் 12 சதவீதம் தாழும். இதைக் கேட்டதும் பலர் பின்வாங்குகிறார்கள், தேவையில்லை. இந்தக் கேஸில் நேரடி ஓட்டம் கிடையாது. ஹையில் போனாலும் சக்தி, இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் இடையில் இருக்கும் கவுண்டர் கியர் வழியாகத்தான் போகிறது. அதனால் இன்புட்டையும் கவுண்டரையும் மாற்றினால் இரண்டு ரேஞ்சும் சேர்ந்தே மாறும். கம்பெனி டயர் 205/70 R15, விட்டம் ஏறக்குறைய 668 மி.மீ. 235/75 என்றால் 733 மி.மீ, பத்து சதவீதம் பெரிது. ஆக நாகர்கோவில் ரோட்டில் என்ஜின் சுற்று, பழைய டயரில் இருந்ததை விட இரண்டு சதவீதம்தான் கூடும். சின்ன டயரிலேயே ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் இரைச்சல் தெரியும்.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பழைய 970 சிசி ஜிப்சியின் கேஸைத் தேடுவார்கள். அதில் ஹை 1.580, லோ 2.511. லோவில் கிடைப்பது 11 சதவீதம்கூட இல்லை. டயர் பெரிதானதற்கே அது சரியாகிவிடும். மறுபக்கம் லோ விகிதம் 6-க்கு மேல் போகும் செட்டுகளும் உண்டு. அவை காய்ந்த பாறையில் ஊர்வதற்கு நல்லவை. நம்மூரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. செம்மண் களியில் டயர் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால்தான் பட்டனுக்கு இடையில் அடைந்த மண் தெறித்துப் போகும். அளவுக்கு மீறித் தாழ்த்தினால் சக்கரம் மெழுகின உருண்டை மாதிரி அதே இடத்தில் வழுக்கிக்கொண்டிருக்கும். குமரிக்கு 4.16 போதும் என்பதே எங்கள் கருத்து.

இனி, தலைப்பில் சொன்ன மவுண்ட். ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியதல்ல. சேசிஸில் மூன்று ரப்பர் மவுண்டில் தனியாகத் தொங்குகிறது. கியர்பாக்ஸுக்கும் கேஸுக்கும் நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட். உள்ளே வரும் முறுக்கு ஒரு பங்கு, வெளியே போவது 2.268 பங்கு என்றால், இடைப்பட்ட 1.268 பங்கை மவுண்ட்தான் தாங்குகிறது. 4.16-ல் அது 3.16 பங்கு. சக்கரத்துக்குப் போகும் முறுக்கு 83 சதவீதம்தான் கூடியது. மவுண்டுக்கு வரும் பாரமோ இரண்டரை மடங்கு. கியர் மாற்றிய வண்டிகளில் மவுண்ட் கிழிவதும், கேஸ் சாய்ந்து குட்டி ஷாஃப்டின் கிராஸ் (யூனிவர்சல் ஜாயின்ட்) உடைவதும் இதனால்தான். மூன்றையும் புதிதாகப் போடுங்கள். கூடவே கேஸில் இருந்து சேசிஸுக்கு ஒரு டார்க் ஆர்ம் (முறுக்கைத் தாங்கும் கை) கொடுங்கள். இரண்டு முனையிலும் புஷ் கட்டாயம். இரும்புப் பட்டையை நேராக வெல்டு அடித்து இறுக்கிவிட்டால் சேசிஸ் முறுகும்போது கேஸின் அலுமினியக் காது உடையும்.

கேஸை இறக்குவது பெரிய வேலை இல்லை. முட்டம், குளச்சல் போலக் கடற்காற்று படும் இடத்து வண்டி என்றால் முந்தின நாள் இரவே போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். ஆயில் சூடாக இருக்கும்போது வடியுங்கள். மூன்று ஷாஃப்டின் ஃபிளாஞ்சிலும் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) குட்டி ஷாஃப்டின் ஸ்பிளைனிலும் (பல் வெட்டிய முனை) பெயிண்ட் குறி போட்டுவிட்டுக் கழற்றுங்கள். குறி தவறினால் அதிர்வு வரும். பிறகு கியர் செட் மேல் பழி போடுவார்கள். மீட்டர் கேபிள், 4WD சுவிட்ச் ஒயர், லிவர் இவற்றை எடுத்தபின் கேஸைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும்.

ஃபிளாஞ்ச் நட்டுகளை, கேஸ் வண்டியில் இருக்கும்போதே தளர்த்தி வைப்பது புத்தி. மேசையில் வைத்துப் பிடிக்க முடியாது. கேஸைப் பிரிக்கும்போது ஷிஃப்ட் ராடைப் பிடித்திருக்கும் சின்ன உருண்டையும் ஸ்பிரிங்கும் துள்ளி ஓடும். எது எந்தத் துளையில் இருந்தது என்று எழுதி வையுங்கள். கவுண்டர் ஷாஃப்டைப் பூட்டுத் தகடு கழற்றிய பிறகே உருவ வேண்டும். அதன் ஓ-ரிங் பழையதையே போட்டால் அங்கிருந்துதான் முதல் கசிவு. இன்புட், கவுண்டர், அவுட்புட் கியர்கள் ஒரே செட்டாக மாற வேண்டும். தேய்ந்த கியரோடு புதியதைக் கோர்த்தால் ஊளைச் சத்தம் நிற்காது.

பேரிங் எல்லாம் புதிது, ஆயில் சீல் எல்லாம் புதிது. இதில் கஞ்சத்தனம் பார்த்தால் இதே வேலை இரண்டாம் முறை வரும். ஃபிளாஞ்சில் சீல் உரசிய பள்ளம் நகத்துக்குத் தட்டுப்பட்டால், புது சீலை ஓரிரு மி.மீ தள்ளி உட்கார வையுங்கள். உதடு தேயாத இடத்தில் ஓடும். பள்ளம் ஆழமானால் ஃபிளாஞ்சை மாற்றத்தான் வேண்டும். பேரிங்கைச் சுத்தியால் அடித்து இறக்காதீர்கள். கேஸைக் கை பொறுக்காத அளவுக்குச் சூடாக்கினால் தானே இறங்கும். கவுண்டர் கியருக்குள் இருக்கும் நீடில் பேரிங்கையும் இரு பக்கத் திரஸ்ட் வாஷரையும் கிரீஸ் தடவி நிறுத்திக்கொண்டு, ஷாஃப்டைப் பையச் செலுத்த வேண்டும். வாஷர் நழுவி ஷாஃப்ட் அதன் விளிம்பில் ஏறினால் வெளியே ஒன்றும் தெரியாது; கொஞ்ச தூரத்தில் கேஸ் கொதிக்கும்.

சீலன்ட் மெல்லிய கோடாகப் போதும். கேஸின் எட்டு மி.மீ போல்ட்டுகளுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் இறுக்கினால் அலுமினியப் புரி பிடுங்கிக்கொண்டு வரும்.

வண்டியில் ஏற்றும் முன் ஒரு சோதனை. பின் ஃபிளாஞ்சில் சாக்பீஸ் கோடு போட்டு இன்புட்டைக் கையால் சுற்றுங்கள். லோவில் நான்கு முழுச் சுற்றும் ஆறில் ஒரு பங்கும் சுற்றினால் பின் ஃபிளாஞ்ச் ஒரு சுற்று வர வேண்டும். ஹையில் ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல். இடையில் எங்காவது தட்டினால் பெரிய கியர் கேஸின் உட்சுவரில் உரசுகிறது. மறுபடி பிரித்துப் பாருங்கள். நியூட்ரலில் இன்புட் தடையில்லாமல் ஓட வேண்டும்.

ஆயில் 80W-90, சுமார் 0.8 லிட்டர்; நிரப்பும் துளையின் விளிம்புக்கு வந்தால் சரி. பிரீதருக்கு (கேஸ் மூச்சு விடும் துளை) ஒரு ஹோஸ் போட்டு என்ஜின் அறையின் மேல்பக்கம் வரை கொண்டுபோங்கள். ஏறி வந்த சூட்டோடு ஓடைக்குள் இறக்கினால் கேஸ் குளிர்ந்து உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் தாழ்வாக இருந்தால் தண்ணீரை உறிஞ்சிவிடும். வடிக்கும்போது ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

முதல் 500 கி.மீ-இல் ஆயிலை மாற்றி, மவுண்ட் போல்ட்டுகளையும் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளையும் ஒரு முறை இறுக்குங்கள். நயமான உலோகத் தூள் இருந்தால் கவலையில்லை. செதில் வந்தால் திறந்து பார்க்க வேண்டும்.

ஸ்பீடோமீட்டர் பின் அவுட்புட் ஷாஃப்டில் இருந்து எடுப்பதால் கியர் மாற்றத்தால் மாறாது. பெரிய டயர் இருந்தால் மட்டும், முள் 60 காட்டும்போது வண்டி 66-ல் போகும். ஓட்டும்போது ஒன்றை மறக்காதீர்கள்: லோவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கக் கூடாது. கூடிய முறுக்கு முழுவதும் அப்போது முன் சக்கர ஜாயின்டில் போய் விழும். இந்த வண்டியில் அடுத்து உடைவது அதுதான்.