தனித்தனியாக இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன

என் மகன் எட்டாம் வகுப்பு. உசிலம்பட்டியில் இருக்கிறோம். போன அரையாண்டுப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் அவனுக்குத் தலைவலி ஆரம்பித்தது. காலையில் இருக்காது. சாயங்காலம் புத்தகத்தைத் திறந்து கால் மணி நேரம் ஆனால் நெற்றியைப் பிடித்துக்கொள்வான். வரி தவறும், படித்த வரியையே மறுபடி படிப்பான். சில நாள் உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தான். "அது என்னடா பழக்கம்" என்று கையைத் தட்டிவிட்டேன். இப்போது நினைத்தாலும் மனசு உறுத்துகிறது. இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம்.

அத்தை உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். கண்ணாடிக் கடையில் போர்டைப் படிக்கச் சொன்னார்கள், இரண்டு கண்ணிலும் 6/6, அதாவது தூரப் பார்வை சரி. பள்ளியில் நடந்த முகாமிலும் அதேதான். "கண்ணுல ஒண்ணும் இல்லம்மா, படிக்கக் கள்ளம் பண்றான்" என்றார்கள். டியூஷனில் அடியும் வாங்கினான்.

தம்பி பொண்டாட்டி மதுரையில் நர்ஸ். அவள்தான், "மதினி, ஒவ்வொரு கண்ணாப் பார்த்தா இது தெரியாது. ரெண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யுதான்னு பார்க்கணும்னு சீட்டு போடுற இடத்திலேயே சொல்லுங்க" என்றாள். முதல் பஸ்ஸில் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து கண் ஆஸ்பத்திரி போனோம். அவள் சொன்னபடியே சொன்னேன். குழந்தைகளுக்கான மாறுகண் பிரிவுக்கு அனுப்பினார்கள். "இவனுக்கு மாறுகண் இல்லையே" என்று பதறினேன். வெளியே தெரியாத விலகலையும் அங்கேதான் அளப்பார்களாம்.

முதலில் 15 கேள்விகள். படிக்கும்போது தலை வலிக்குமா, தூக்கம் வருமா, எழுத்து நகருமா, மிதக்குமா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். பிள்ளைகளுக்குக் கூட்டுத்தொகை 16 வந்தாலே கவனிக்க வேண்டியது என்றார் பரிசோதித்த பெண். இவனுக்கு 31. நகரும் எழுத்தைப் பற்றிக் கேட்டபோது, "எல்லாருக்கும் அப்படித்தானே அக்கா இருக்கும்?" என்றான். எத்தனை வருஷம் அப்படி நினைத்துக்கொண்டிருந்தானோ.

பிறகு கறுப்புக் கரண்டி போன்ற ஒன்றால் ஒரு கண்ணை மறைத்து, எடுத்து, மறு கண்ணை மறைத்தார். தூரத்தில் பார்க்கும்போது கண் அசையவே இல்லை. கிட்டே பார்க்கச் சொன்னதும், மறைத்திருந்த கண் வெளிப்பக்கம் ஒதுங்கியிருந்து, திறந்தவுடன் உள்ளே திரும்பியது. முன்னால் ப்ரிஸம் என்ற, ஒளியைத் திருப்பும் கண்ணாடித் துண்டுகளை அடுக்கிய பட்டையைப் பிடித்து விலகலை அளந்தார்.

அடுத்து ஒரு நீளமான அளவுகோல். ஒரு முனையைக் கன்னத்தில் பொருத்தி, கோட்டுப் படத்தை மெல்ல மூக்கை நோக்கித் தள்ளினார். "ரெண்டாத் தெரிஞ்சதும் சொல்லு தம்பி." என்னையும் பக்கத்தில் குனிந்து பார்க்கச் சொன்னார். இரண்டு கருவிழியும் உள்நோக்கி வந்துகொண்டே இருந்தன. திடீரென்று இடது கண் மட்டும் பிடி விட்ட மாதிரி வெளியே நழுவியது. அதே நொடியில் "ரெண்டு" என்றான். 22 சென்டிமீட்டர். மூக்குக்கு 10 சென்டிமீட்டருக்குள் வரும்வரை ஒன்றாகவே தெரிய வேண்டுமாம். திரும்பவும் அளந்தபோது 24, பிறகு 27. களைத்தால்தான் குறை முழுசாக வெளியே வரும், ஒரு தடவையோடு நிறுத்தக் கூடாது என்றார். என் கண்ணால் பார்த்த பிறகு எனக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சிவப்பு, பச்சைக் கண்ணாடி போட்டு நான்கு புள்ளி விளக்கைக் காட்டியதில் கிட்டே ஐந்து என்றான், அதாவது இரட்டைப் பார்வை. கடைசியில் சொட்டு மருந்து. பிள்ளைகளின் கண் தானாகவே இறுக்கிக்கொண்டு பிளஸ் பவரை மறைத்துவிடும், சொட்டு விட்டுத் தளர்த்தினால்தான் நிஜம் தெரியுமாம். இவனுக்குப் பவர் இல்லை. சொட்டு விட்ட அன்று கிட்டே படிக்க முடியாது, வெயில் கூசும். தொப்பி எடுத்துப் போங்கள், மறுநாள் பரீட்சை இருந்தால் வேறு நாள் போங்கள்.

டாக்டர் எழுதிய பெயர் 'கன்வர்ஜென்ஸ் இன்சஃபிஷியன்சி'. கிட்டப் பார்க்கையில் இரண்டு கண்ணும் சேர்ந்து குவியும் திறன் குறைவு. ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி போதும் என்றார். வீட்டிலேயே பென்சிலை மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்து, அது ஒன்றாகவே தெரியும்படி பார்க்கும் பயிற்சி போதாதா என்று கேட்டேன். அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரையுள்ள 221 பிள்ளைகளிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வைச் சொன்னார். 12 வாரத்தில், வாராவாரம் பயிற்சி மையத்துக்கு வந்து வீட்டிலும் செய்தவர்களில் நூற்றுக்கு 73 பேருக்குக் குணமோ முன்னேற்றமோ தெரிந்தது. பென்சில் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 43 பேருக்கு. அதனால் சனிக்கிழமைதோறும் மதுரைக்குப் போய் வருகிறோம்.

வீட்டுப் பயிற்சிக்கு மூன்று மணி கோர்த்த நூல் கொடுத்திருக்கிறார்கள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மூக்கு நுனியில் பிடித்துக்கொள்கிறான். ஒரு மணியை உற்றுப் பார்த்தால், நூல் இரண்டாகத் தெரிந்து அந்த மணியில் குறுக்கே வெட்ட வேண்டும். முதல் வாரம் நடு மணியோடு நின்றது. நேற்று, "அம்மா, கிட்ட மணியிலேயே வெட்டுது, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டான். அவன் கண்ணுக்குத் தெரிவது எனக்கு எங்கே தெரியப்போகிறது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.