பாக்கெட்டில் ஒரு விலை, ஆப்பில் ஒரு விலை

காரைக்குடிப் பக்கம் எத்தனையோ பெரிய வீடுகளில் வயதானவர்கள் தனியாகத்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஆப்பில் பால், எண்ணெய் எல்லாம் போட்டுவிடுகிறார்கள். பணம் கட்டுபவர் பாக்கெட்டைப் பார்ப்பதில்லை. பாக்கெட்டை வாங்கி வைப்பவருக்கு பில் தெரியாது.

எதிர்வீட்டு ஆச்சி ஆவின் பாக்கெட்டை நீட்டி, "இதுல எவ்வளவு போட்டிருக்கு தம்பி? கண்ணு தெரியலை" என்றார்கள். மகன் அனுப்பிய பில்லில் பாக்கெட்டுக்கு மூன்று ரூபாய் கூடுதல். டெலிவரி கட்டணம் தனி வரியில் வேறு!

டெலிவரிக்குத் தனியாக வாங்கட்டும், சரி. பொருளின் விலையையே எம்.ஆர்.பி.க்கு, அதாவது பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு, மேல் ஏற்றினால் அது குற்றம். 2009 சட்டமுறை எடையளவு சட்டமும் 2011 பொட்டலப் பொருட்கள் விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. அந்த விலையில் வரியும் அடக்கம். ஆப்பிலும் எம்.ஆர்.பி.யைக் காட்டியே ஆக வேண்டும். மூன்று ரூபாய்தானே என்று விடாதீர்கள், பால் தினமும் வாங்குகிற பொருள்.

பாக்கெட்டைக் குப்பையில் போடும் முன் விலை அச்சான இடத்தை போட்டோ எடுங்கள், பில்லையும் சேர்த்து வையுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து தமிழிலேயே புகார் சொல்லலாம். நம் மாநிலத்தில் தொழிலாளர் துறை ஆய்வாளர்களிடமும் கொடுக்கலாம். ஆச்சியின் மகன் புகார் பதிந்துவிட்டார். வெளியூர்ப் பிள்ளைகளே, அடுத்த முறை வீட்டுக்குப் பேசும்போது பாக்கெட்டில் என்ன விலை என்று கேளுங்கள்.