பழைய கார், நின்றுபோன 3ஜி

அமெரிக்காவில் பழைய கார் வாங்கும் நண்பர்கள் கவனிக்க வேண்டியது. ஏடி அண்ட் டி என்ற செல்பேசி நிறுவனம் 2022 பிப்ரவரி 22 அன்று 3ஜியை நிறுத்தியது. இன்னொரு நிறுவனமான வெரைசான் அதே ஆண்டின் கடைசியில். 3ஜி மோடம் (காரைச் செல்பேசி வலையோடு இணைக்கும் கருவி) மட்டுமே உள்ள கார்களில் அவசர உதவிக்கான எஸ்ஓஎஸ் பொத்தான், விபத்து நடந்தால் தானாக உதவி கேட்கும் வசதி, செயலி வழியே கதவு திறப்பது எல்லாம் அதோடு போச்சு. ஜிபிஎஸ், புளூடூத், கார்ப்ளே வேலை செய்யும். அவை செல்பேசிக் கோபுரத்தை நம்பியவை அல்ல.

சிம்மை மாற்றினால் போதாது. மோடம் சில்லே 4ஜி அலைவரிசையைப் பேசாது. 2015க்குப் பிந்தைய ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கார்கள் பலவற்றில் 4ஜி வன்பொருள் ஏற்கெனவே இருந்ததால் மென்பொருள் புதுப்பித்தலே போதுமானதாக இருந்தது. மற்றவற்றில் மோடம் பெட்டியையே மாற்றி, வண்டியின் அடையாள எண்ணோடு (விஐஎன்) பதிவு செய்ய வேண்டும்.

இன்னொரு தொல்லை பேட்டரி. சில கார்களில் சிக்னல் கிடைக்காத மோடம் தூங்காமல் தேடிக்கொண்டே இருக்கும். வண்டியைப் பூட்டி 40 நிமிடம் கழித்து, மின்னோட்டம் அளக்கும் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளோடு தொடராக இணைத்துப் பாருங்கள். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மீட்டர் இணைத்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். அளவு கூடுதலாக இருந்தால் மோடம் ஃபியூஸைப் பிடுங்கி மறுபடி அளந்து பாருங்கள். சுபாருவின் சில மாடல்களில் முன் ஸ்பீக்கரும் மைக்கும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகின்றன. ஃபியூஸைப் பிடுங்கினால் அவையும் நின்றுவிடும் என்பதால், பெட்டியைத் தாண்டிச் செல்லும் தனி பைபாஸ் இணைப்பு போட்டாக வேண்டும்.

வாங்கும் முன் எஸ்ஓஎஸ் விளக்கின் நிறத்தைப் பாருங்கள், பல மாடல்களில் பச்சை என்றால் இணைப்பு உண்டு.