புழலுக்கு வெளியே ஒரு வேலை

கொளத்தூரில் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன். பள்ளிச் சீருடைதான் முக்கிய வேலை. என்னிடம் காலர் தைக்கும் அண்ணன் புழல் சிறையில் தையல் கற்றவர். காலர் முனையைத் திருப்பி, நகத்தால் நீவி, இரண்டு பக்கமும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார். டீ குடிக்க வெளியே போகவும் இன்னும் அனுமதி கேட்டு நிற்கிறார். பார்த்தால் மனசு தாங்கவில்லை.

சிறைக்குள் தொழில் கற்றுத்தர அரசு நிறையவே செய்கிறது. கைதிகள் செய்த பொருட்களை விற்கும் சிறைச் சந்தை இருக்கிறது. புழல் பக்கம் கைதிகளே வேலை பார்க்கும் பெட்ரோல் பங்க் இருக்கிறது. 2023-இல் பெண் கைதிகளுக்கென்றே ஒன்று திறந்தார்கள். கூலியும் உண்டு. அதில் ஒரு பங்கு, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் போகிறது. நல்ல ஏற்பாடு.

வெளியே வந்த பிறகுதான் சிக்கல். கம்பெனி வேலைக்குப் போனால் போலீஸ் சரிபார்ப்பு கேட்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அப்புறம் அந்த மனிதர் எங்கே போவார்? பழைய கூட்டாளிகளிடம்தான். விடுதலையானவர்களுக்கு உதவச் சங்கம் இருக்கிறது, நன்னடத்தை அலுவலர்கள் இருக்கிறார்கள். விடுதலைத் தேதிக்கு முன்பே அவர்கள் எங்களைப் போன்ற சின்ன முதலாளிகளைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். பள்ளி திறப்பதற்குள் எனக்கு இன்னும் இரண்டு டெய்லர் வேண்டும். புழலில் தைத்துப் பழகியவர் என்றால் நாளைக்கே வரச் சொல்வேன்.