அப்பா எங்கே படித்தார்?

போன ஞாயிறு இரவு, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், எடிசன் ஊரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மகள் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். "அப்பா, உங்க காலேஜ் பேருக்கு என்ன ஸ்பெல்லிங்?" என்றாள். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி; ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

பெற்றோர் எங்கே படித்தார்கள் என்று கேட்கும் அந்தக் கட்டம் எதற்கு என்பதில்தான் எனக்குக் கோபம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர் சேர்க்கை பற்றிய வழக்கில் வெளிவந்த கணக்குப்படி, பெற்றோர் அங்கே படித்திருந்தால் 100 பேரில் 33 பேருக்கு மேல் இடம் கிடைத்திருக்கிறது. மற்றவர்களில் 100க்கு 6 பேருக்குத்தான். 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்பினத்தவர் போன்றோருக்கு வாய்ப்புத் தர இனம் பார்த்துச் சேர்ப்பதைத் தடுத்தது. பெற்றோர் அங்கே படித்தார்கள் என்பதற்காகப் பிள்ளைக்குத் தரும் பரம்பரைச் சலுகையை அது தொடவில்லை.

தீர்ப்பு வந்த அன்று நண்பர்கள் வாட்ஸ்அப்பில் கொண்டாடினார்கள். ஹார்வர்டில் ஆசிய மாணவர்களுக்கு ஆளுமை மதிப்பெண், அதாவது குணத்துக்குப் போடும் மதிப்பெண், சராசரியாகக் குறைந்திருந்தது எனக்கும் வலித்தது. சரி, ஆனால் இடஒதுக்கீட்டில் படித்து வந்த நான், ஒரு கறுப்பினப் பிள்ளையைத் தகுதியில்லாதவள் என்று எந்த வாயால் சொல்வேன்? அமெரிக்காவின் புகழ்பெற்ற எம்ஐடி பல்கலைக்கழகம், பெற்றோர் எங்கே படித்தார்கள் என்று பார்த்துச் சேர்ப்பதில்லை. அதன் தரம் இறங்கிவிட்டதா என்ன?

மகள் கல்லூரிப் பெயரை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.